கல்யாணக் கேசட்டும் நூலகச் சொத்துதான்

நூலகத்தின் வீடியோப் பிரிவு என்று பேச்செடுத்தால் எல்லாரும் சினிமாப் படங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கேசட்டில் வாங்கிய படம் விசிடிக்கு மாறியது, விசிடி போய் டிவிடி வந்தது, இப்போது தட்டே இல்லாமல் இணையத்தில் ஓடுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் நூலகம் அதே படத்துக்கு மறுபடி காசு கட்டுகிறது என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். அது உண்மையான பிரச்சினை, மறுக்கவில்லை. ஆனால் மலேசியாவின் கெடா மாநிலத் தென்கோடியில் கிரியான் ஆற்றை ஒட்டிக் கிடக்கும் பண்டார் பாருவில் இருந்து பார்த்தால் அது இரண்டாவது கவலை. செர்டாங்கிலும் லூபோக் புந்தாரிலும் சுற்றியுள்ள தோட்டங்களில் இருந்து இடம்பெயர்ந்த தமிழ் வீடுகளிலும் இருக்கும் கறுப்புக் கேசட்டுகள்தான் முதல் கவலை. அவை எந்த நூலகத்தின் பட்டியலிலும் இல்லை. தோட்டத்துக் கல்யாணம், மாரியம்மன் கோயில் தீமிதி, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, மேற்பார்வையாளரான மண்டோர் வீட்டுச் சடங்கு, வேலையில் இருந்து ஓய்வு பெற்ற கிராணிக்கு (எழுத்தருக்கு) நடந்த பிரியாவிடை என்று 1980களிலும் 90களிலும் தோளில் சுமந்த கேமராவால் பிடித்தவை. ஒரு பொது நூலகம் முதலில் காப்பாற்ற வேண்டிய வீடியோ இவைதான் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

காரணம் எளிது. சென்னையில் எடுத்த ஒரு படத்தின் பிரதி பண்டார் பாருவில் கெட்டுப்போனால் சிங்கப்பூரில் ஒன்று இருக்கும், யாழ்ப்பாணத்தில் ஒன்று இருக்கும், தயாரித்தவர் கையில் மூலப்படமே இருக்கலாம். அப்படியும் தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் (1931) இன்று எங்கும் இல்லை. ஆயிரக்கணக்கானோர் பார்த்த படத்துக்கே அந்த கதி என்றால், ஒரே ஒரு குடும்பத்துக்காகப் பிடித்த கேசட்டை யார் தேடப் போகிறார்கள்? அந்தக் கேசட்டுக்கு இரண்டாவது பிரதி பெரும்பாலும் கிடையாது. மேலும் அதில் பதிந்திருப்பது மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டுமல்ல. பின்னால் தொழிலாளர்களின் வரிசை வீடான லயம் நிற்கிறது, பொதுத் தண்ணீர்க் குழாய் இருக்கிறது, ஆயாக் கொட்டகை இருக்கிறது, ரப்பர்ப் பால் நிறுக்கும் ஸ்டோர் இருக்கிறது. பந்திக்கு யார் முதலில் உட்கார்ந்தார்கள், பெண்கள் எந்தப் பக்கம் நின்றார்கள், உறுமி அடித்தவர் யார் என்பதெல்லாம் பதிந்திருக்கிறது. பால்மரம் வெட்டிச் செம்பனை வைத்தபோதும், தோட்டத்தைத் துண்டுபோட்டு வீடமைப்புக்கு விற்றபோதும் அந்த லயங்கள் தரைமட்டமாயின. தோட்ட வாழ்க்கையைப் பற்றி நிர்வாகம் எழுதி வைத்த கணக்கும் அறிக்கையும் ஆவணக் காப்பகங்களில் கிடைக்கும். தொழிலாளி தன் வாழ்க்கையைத் தானே பார்த்துப் பதிந்துகொண்ட முதல் ஆவணம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இந்தக் கேசட்டைத்தான் சொல்ல வேண்டும்.

சட்டப்படி இவை நூலகத்துக்கு வந்து சேர வழி இல்லாமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. மலேசியாவில் 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் அச்சு நூல்களோடு திரைப்படம், ஒலி, ஒளிப்பதிவு ஆகியவற்றையும் தேசிய நூலகத்துக்கு ஒப்படைக்கச் சொல்கிறது. ஆனால் அது பொதுமக்களுக்கு வெளியிடுகிறவருக்கான கடமை. செர்டாங் கடைவீதியில் ஸ்டூடியோ வைத்திருந்தவர் வெளியீட்டாளர் அல்ல. கல்யாணத்தைப் பிடித்து, வீட்டுக்காரரிடம் கேசட்டைக் கொடுத்து, காசை வாங்கிக்கொண்டதோடு அவர் வேலை முடிந்தது. பொது நூலகங்களும் கடையில் விற்பதை வாங்கி அடுக்கும் பழக்கத்திலேயே வளர்ந்தவை. வீட்டுக்குள் இருப்பதைக் கேட்டு வாங்கும் பழக்கம் அவற்றுக்கு வரவில்லை. இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்படி ஒரு வேலை இருக்கிறது என்று எவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இப்போது நினைத்துப் பார்க்க வேண்டிய அவசரம் பொருளின் தன்மையிலேயே இருக்கிறது. விஎச்எஸ் கேசட்டுக்குள் இருப்பது அரை அங்குல அகலப் பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் ஒரு பசையில் காந்தத் துகளைப் பூசியிருப்பார்கள். படம் அந்தத் துகளில் இருக்கிறது, துகளைப் பிடித்து வைத்திருப்பது பசை. பசைக்குப் பகை ஈரப்பதம். நாடாவை வைக்கும் அறையில் காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது காப்பகங்களின் பொதுவான விதி. நம் நாட்டிலோ வெளியில் 80 விழுக்காடு சாதாரணம். தகரக் கூரையின் கீழ் அலமாரிக்கு அடியில் கிடக்கும் கேசட்டின் நாடாச் சுருளில் வெள்ளைப் பூஞ்சை பூக்கிறது. அதை அப்படியே பிளேயரில் போட்டால் நிமிடத்துக்கு 1500 முறை சுழலும் உருளையில் உள்ள தலைகள் அடைத்துக்கொள்ளும். பூஞ்சை அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். ஒரு படம் நெளிந்து, கோடு விழுந்து, கடைசியில் நீலத் திரையாக நின்றுபோவதற்கு இவ்வளவு போதும்.

நாடா பிழைத்திருந்தாலும் அதை ஓட்டும் இயந்திரம் பிழைக்கவில்லை. 1976ல் ஜப்பானில் பிறந்த விஎச்எஸ்ஸுக்குப் பிளேயர் செய்துகொண்டிருந்த கடைசித் தொழிற்சாலையும் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்று கிடைப்பதெல்லாம் பழையதைப் பிரித்து இன்னொரு பழையதற்குப் போட்டு ஓட்டும் இயந்திரங்கள். மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு லங்காவியில் 2019 ஜூலையில் முதலில் நின்று, அதே ஆண்டு அக்டோபர் 31க்குள் நாடு முழுவதும் நின்றது. அதன்பின் வாங்கிய மெலிந்த தொலைக்காட்சிகள் பலவற்றில் பிளேயரை இணைக்கும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிறச் செருகுதுளைகளே இல்லை. யுனெஸ்கோவும் அனைத்துலக ஒலி, ஒளி ஆவணக் காப்பகச் சங்கமும் 2019ல் உலகெங்கும் ஓர் எச்சரிக்கை விடுத்தன: 2025 வாக்கில் காந்த நாடாவை ஓட்டுவதே அரிதாகிவிடும், அதற்குள் மாற்றிக்கொள்ளுங்கள் என்றன. அந்த ஆண்டு வந்து போய்விட்டது. இனி கிடைக்கும் ஒவ்வொரு நாளும் மிச்ச நாள்தான்.

விவரம் தெரிந்த குடும்பங்கள் 2000களிலேயே கேசட்டைத் தட்டுக்கு மாற்றிக்கொண்டனவே என்று கேட்கலாம். அங்கேதான் பெரிய நஷ்டம் நடந்திருக்கிறது. அப்போது கடைகளில் செய்து கொடுத்தது பெரும்பாலும் விசிடி. படத்தை 352க்கு 288 புள்ளிகளுக்குள் நசுக்கி வெற்றுச் சிடியில் பதிந்தது. தொழிற்சாலைத் தட்டில் அச்சாக அழுந்தியிருக்கும் தகவல், இப்படிப் பதிகிற சிடியில் ஒரு சாயத்தின்மேல் எழுதப்படுகிறது. வெயிலும் வெக்கையும் பட்டால் சாயம் மங்கும். மாற்றியாயிற்று என்ற நம்பிக்கையில் கேசட்டைக் குப்பையில் போட்டவர்களுக்குப் பத்துப் பதினைந்து ஆண்டில் தட்டும் படிக்கவில்லை. புதிய வடிவம் பழையதைவிட நீடிக்கும் என்ற எண்ணம் தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மாற்றிய பிறகும் மூலத்தைத் தூக்கிப் போடக் கூடாது என்பதை நூலகர்கள் அறிவார்கள். வீடுகளுக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் காப்புரிமை குறுக்கே வருகிறது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்குப் பாதுகாப்பு அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 50 ஆண்டுகள். இந்தியாவில் 60. 1990ல் வெளிவந்த ஒரு படத்தின் உரிமை இங்கே 2040 முடிய நீடிக்கும். அந்தப் படத்தைத் தாங்கிய கேசட்டின் ஆயுள் நம் சீதோஷ்ணத்தில் 20, 30 ஆண்டு என்று வைத்துக்கொண்டால், உரிமை தீரும் நாளில் நூலகத்தின் கையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் பெட்டி. காப்புரிமை என்ற ஏற்பாடே, படைத்தவருக்குச் சில காலம் பலன், அதன்பின் பொதுமக்களுக்கு உடைமை என்ற இரண்டு பாதி கொண்டது. பொருள் முதலில் செத்துவிட்டால் இரண்டாம் பாதி நிறைவேறவே நிறைவேறாது. தயாரிப்பாளர்கள் தரப்பில், திருட்டு விசிடி தங்களை ஒழித்தது, பிரதி எடுக்க யாருக்கு அனுமதி கொடுத்தாலும் அது சந்தைக்குத்தான் போகும் என்கிறார்கள். அந்த வலி நியாயமானது. ஒளித்தட்டுத் தொழிலுக்கு உரிமம் கட்டாயமாக்கி 2000ஆம் ஆண்டில் தனிச் சட்டமே வந்தது அதனால்தான். ஆனால் பூட்டிய அறையில் நூலகம் வைத்துக்கொள்ளும் பாதுகாப்புப் பிரதியும் இரவுச் சந்தையில் குவித்து விற்ற தட்டும் ஒன்றல்ல.

நம் காப்புரிமைச் சட்டத்திலும் வாசல் அடியோடு மூடப்படவில்லை. தேசிய நூலகம், மாநில நூலகங்கள், ஆவணக் காப்பகங்கள், அமைச்சர் உத்தரவால் குறிப்பிடும் பொது நூலகங்கள் ஆகியவை பொதுநலனுக்காக, நியாயமான முறையில், லாபம் இல்லாமல், நுழைவுக் கட்டணம் வாங்காமல் ஒரு படைப்பைப் பயன்படுத்த 13ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. சொற்கள் பொதுவானவை என்பதுதான் சங்கடம். ஒரு கேசட்டை முழுசாகக் கோப்பாக மாற்றலாமா, எத்தனை பிரதி வைக்கலாம், மாற்றிய கோப்பை அடுத்த வடிவத்துக்கு மறுபடி மாற்றலாமா என்று சின்ன நூலகத்தின் பொறுப்பாளர் கேட்டால், ஆமென்று துணிந்து சொல்ல அந்தச் சொற்கள் போதாது. துணிவில்லாதவர் சும்மா இருந்துவிடுவார். சும்மா இருப்பதற்கு எந்தத் தண்டனையும் இல்லை. அமெரிக்கச் சட்டம் இதை உடைத்துச் சொல்கிறது: வடிவத்தை ஓட்டும் இயந்திரம் இனி தயாரிக்கப்படாவிட்டால், அல்லது சந்தையில் நியாயமாகக் கிடைக்காவிட்டால், அந்த வடிவம் வழக்கொழிந்தது, நியாய விலையில் புதுப் பிரதி கிடைக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு நூலகம் மூன்று பிரதி வரை எடுக்கலாம். இந்தியா 2012ல் செய்த திருத்தத்தில், வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடம் ஏற்கெனவே உள்ள படைப்பை மின்னணு வடிவில் சேமித்துக் காக்கலாம் என்று எழுதிவிட்டது. பிரிட்டன் 2014ல் பாதுகாப்புப் பிரதி எடுக்கும் உரிமையைத் திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் விரித்தது. இப்படி ஒரு தெளிவான வரி நம் சட்டத்திலும் வேண்டும். பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை, ஒரு பத்தி போதும்.

கல்யாணக் கேசட்டுக்கோ அந்தப் பத்திக்காகக்கூடக் காத்திருக்க வேண்டாம். நம் காப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, ஒருவர் கேட்டுச் செய்வித்த படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், செய்யச் சொன்னவருக்கே போகிறது என்கிறது. அப்படியானால் 1988ல் காசு கொடுத்துக் கல்யாணத்தைப் படம் பிடிக்கச் சொன்ன குடும்பம்தான் அந்த வீடியோவுக்கு உரிமையாளர். கேமராக்காரரைத் தேடி அலைய வேண்டியதில்லை. சினிமாப் படத்தில் தயாரிப்பாளர், விநியோகஸ்தர், வெளிநாட்டு உரிமை வாங்கியவர் என்று முடிவில்லாமல் போகும் சங்கிலி இங்கே ஒரு வீட்டு வாசலில் முடிந்துவிடுகிறது. குடும்பத்தில் பெரியவர் ஒருவர் கையெழுத்திட்டால் நூலகம் பிரதி எடுக்கலாம், வைத்துக்கொள்ளலாம், காட்டலாம். வாங்கிய டிவிடியில் பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டை உடைக்கலாமா என்ற கேள்வியும் இதில் இல்லை. கல்யாணக் கேசட்டுக்குப் பூட்டே இல்லை. நூலகம் இன்றே செய்யக்கூடிய, சட்டத்தின் பயம் மிகக் குறைந்த வேலை இதுதான் என்பது வியப்பாக இருக்கலாம், ஆனால் அதுதான் நிலைமை.

முள் ஒன்று மட்டும் உண்டு, அது பாட்டு. அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் படத்தை வெட்டி ஒட்டி முடித்ததும், பெண் அலங்காரத்துக்கு ஒரு பாட்டு, மாலை மாற்றுவதற்கு ஒரு பாட்டு, புகைப்படம் எடுக்கும் வரிசைக்கு ஒரு பாட்டு என்று சினிமாப் பாடல்களை மேலே ஏற்றிவிடுவார்கள். கொட்டகையில் நாதஸ்வரக்காரர் வாசித்த சினிமாப் பாட்டு தற்செயலாகப் பதிந்திருந்தால் சட்டம் அதைப் பெரிதுபடுத்தாது. தற்செயலான சேர்க்கை என்று விலக்கு இருக்கிறது. வேண்டுமென்றே முழுப் பாட்டை ஏற்றினால் அது வேறு கணக்கு, அதன் உரிமை இசை நிறுவனத்திடமும் இசையமைத்தவரிடமும் இருக்கும். நூலகத்தின் உள்ளே, கட்டணம் இல்லாமல், ஆராய்ச்சிக்கும் குடும்பத்துக்கும் காட்டுவதில் இந்த முள் பெரிதாகக் குத்தாது. இணையத்தில் ஏற்றும்போதுதான் குத்தும். யூடியூப்பில் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு முதல் பதிலும் இதுதான்: பாட்டை இயந்திரமே கண்டுபிடிக்கும், ஒலியை அடைக்கும் அல்லது படத்தையே முடக்கும். ஏற்றியவரின் கணக்கு மூடினால் படமும் போய்விடும். ஏற்றும்போதே படத்தை மறுபடி நசுக்கிவிடுகிறார்கள் என்பதால் அங்கே கிடப்பது மூலமும் அல்ல. காட்டுவதற்கு அது நல்ல மேடை, காப்பதற்கு அல்ல. நூலகம் பாட்டோடு கூடிய முழுப் பிரதியை உள்ளே வைத்துக்கொண்டு, பாட்டை நீக்கிய பிரதியை மட்டும் வெளியே விடலாம். உள்ளே வைக்கும் பிரதியில் பாட்டை வெட்டவே கூடாது. எந்த ஆண்டில் எந்தப் பாட்டைத் தோட்டத்துக் கல்யாணத்தில் போட்டார்கள் என்பதும் வரலாறுதான்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. படத்தில் இருப்பவர்கள் சம்மதிக்கவில்லையே? கல்யாணத்துக்குச் சாப்பிட வந்தவர் நூலகத்தில் நிற்க ஒப்புக்கொண்டா வந்தார்? அந்தத் தம்பதி பிற்பாடு பிரிந்திருக்கலாம், படத்தில் சாராயம் குடித்து ஆடுகிறவரின் பிள்ளை இன்று ஆசிரியராக இருக்கலாம். இதற்குச் சட்டத்தில் பதில் தேடுவதைவிட வழக்கத்தில் தேடுவது நல்லது. குடும்பம் விரும்பினால் இத்தனை ஆண்டு பூட்டி வை என்று எழுதிக்கொடுக்கலாம். ஒரு பகுதியை மட்டும் மறைக்கச் சொல்லலாம். கேட்டால் திருப்பித் தந்துவிட வேண்டும். இலங்கைத் தமிழர் ஆவணங்களை 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும் ‘நூலகம்’ என்ற திட்டம் உரியவர்களிடம் அனுமதி கேட்டுக் கேட்டுத்தான் வளர்ந்தது. சிங்கப்பூரில் 2015ல் தொண்டர்கள் எழுத்தாளர்களிடம் ஒப்புதல் வாங்கித் தமிழ் நூல்களை மின்வடிவில் சேர்த்து, பின்னர் நாடகம், நடனம், இசைக்கும் போனார்கள். கேட்டால் தமிழர்கள் கொடுப்பார்கள் என்பதை இந்த இரண்டும் காட்டிவிட்டன. கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

செலவைச் சொல்லிப் பின்வாங்குகிறவர்களுக்காக ஒரு கணக்கு. ஒரு வட்டாரத்தில் 500 கேசட்டுகள் வந்து சேர்கின்றன, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். கேசட்டை வேகமாக ஓட்டி மாற்ற முடியாது, மூன்று மணி நேரப் படத்துக்கு மூன்று மணி நேரம் ஆகும். மொத்தம் 1500 மணி. இரண்டு பிளேயர்களை நாளுக்கு ஆறு மணி நேரம் ஓட்டினால் 125 வேலை நாளில் முடியும். டிவிடி தரத்தில் ஒரு மணி நேரம் 3.6 ஜிபி பிடித்தால் எல்லாம் சேர்ந்து ஐந்தரை டிபிக்குள் அடங்கும். கைக்கடக்கமான ஒரு ஹார்ட் டிஸ்கில் வைக்கலாம், இன்னொன்றில் பிரதி எடுத்து வேறு ஊரில் வைக்கலாம். தகவல் துளியும் இழக்காமல் வைக்க வேண்டும் என்றால் மணிக்கு 30, 40 ஜிபி ஆகும், அது மாநில அளவில் செய்ய வேண்டிய வேலை. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை டிஸ்கை மாற்றும் செலவையும் இப்போதே கணக்கில் எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் விசிடிக்கு நேர்ந்த கதி இதற்கும் நேரும். இத்தனைக்கும் தேவை அரை ஆண்டுக்கு ஒரு பொறுப்பான ஆள். புதுப் படங்களின் தட்டுகளை வாங்க ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் இதற்குத் திரும்பினால் வாசகர் யாரும் நஷ்டப்படப் போவதில்லை, அந்தப் படங்கள் அவர்கள் கைப்பேசியிலேயே ஓடுகின்றன.

பண்டார் பாருவுக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாரிட் புந்தார், அது பேராக். இன்னொரு பக்கம் நிபோங் திபால், அது பினாங்கு. பொது நூலகங்கள் மாநிலத்துக்கு மாநிலம் தனி நிர்வாகம். தோட்டத்து மக்களுக்கோ இந்த எல்லை கிடையாது: பெண் எடுத்தது ஒரு மாநிலம், கொடுத்தது இன்னொரு மாநிலம், கடைக்குப் போனது மூன்றாவது. ஒரு கல்யாணத்தின் பெண் வீட்டுக் கேசட் கெடாவிலும் மாப்பிள்ளை வீட்டுக் கேசட் பேராக்கிலும் இருக்கும். மூன்று நிர்வாகமும் ஒரே மாதிரிப் படிவம், ஒரே மாதிரிப் பட்டியல் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டால்தான் இரண்டையும் என்றைக்காவது சேர்த்துப் பார்க்க முடியும். படிவத்தைத் தமிழிலும் அச்சடிக்க வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவர்கள் தோட்டப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்த அம்மாக்களும் ஐயாக்களும்தான்.

அதுவரை வீடுகளில் செய்ய வேண்டியது சில உண்டு. கேசட்டின் கண்ணாடிச் சாளரம் வழியாகச் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் எக்காரணம் கொண்டும் பிளேயரில் போடாதீர்கள், தனி உறையில் போட்டு ஒதுக்கி வையுங்கள், அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நன்றாக இருக்கும் கேசட்டின் முதுகில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுங்கள், தவறிப்போய் மேலே வேறு எதுவும் பதியாது. படுக்க வைக்காமல் புத்தகம்போல் நிறுத்தி, ஒலிபெருக்கியில் இருந்து தள்ளி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றோடு மூடிய பெட்டியில் வையுங்கள். பிறகு ஒரு தாள் எடுத்து, எந்தத் தோட்டம், எந்த லயம், எந்த ஆண்டு, யார் வீட்டு விசேஷம், படம் பிடித்தவர் யார், காசு கொடுத்தவர் யார் என்று எழுதுங்கள். முகங்களை அடையாளம் சொல்லக்கூடிய பாட்டி வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பெயர்களையும் எழுதி வாங்குங்கள். நாடாவை நல்ல இயந்திரம் கிடைத்தால் இன்னும் சில ஆண்டு கழித்தும் மீட்டுவிடலாம், அந்தப் பெயர்களை இந்த ஆண்டே எழுதியாக வேண்டும்.